முதல் லெதர் பந்து மட்டை: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

தென்னை மட்டையின் அடிப்பகுதியைக் கைக்கு அடக்கமாகச் செதுக்கி, அதைக் கொண்டே தெருவில் ஆடத் தொடங்கியவர்கள் சென்னையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கிரிக்கெட் பேட்டுக்கு மட்டை என்ற பெயர் இவ்வளவு இயல்பாக ஒட்டிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அங்கிருந்து டென்னிஸ் பந்து, தியாகராய நகர் சோமசுந்தரம் மைதானத்தில் அடுத்தடுத்து நடக்கும் ஆட்டங்களுக்கு நடுவே இடம் பிடித்து ஓர் ஆட்டம், பிறகு வேலை, குடும்பம் என்று சில ஆண்டு இடைவெளி, அதன்பின் அலுவலக அணியில் பெயர் கொடுத்ததும் முதன்முறையாக லெதர் பந்து என்பதே பலர் வந்த வழி. இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் சொந்தமாக ஒரு மட்டை தேவைப்படுகிறது. கடையில் நூறு மட்டைகள் வரிசையாக நிற்க, எதைக் கையில் எடுப்பது என்று தெரியாமல் விழிப்பதும் அப்போதுதான். பெரியவராகி முதல் மட்டை வாங்கப் போகும் அத்தகையவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் அனுபவத்தில், மட்டையின் எடை முதலில் வர வேண்டும்; அளவும் வடிவமும் அடுத்தது; மரத்தின் தரம் அதற்கும் பின்னால்தான். ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். பெரும்பாலோர் இதே வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றித்தான் பணத்தை இழக்கிறார்கள்.

எந்தப் பந்துக்கு

கடைக்குக் கிளம்புவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது, எந்தப் பந்தை அடிக்கப் போகிறோம் என்பதை. ஆண்கள் ஆட்டத்துக்கான லெதர் பந்து 155.9 கிராமிலிருந்து 163 கிராம் வரை எடை கொண்டது. சாதாரண டென்னிஸ் பந்தோ அறுபது கிராமைக்கூடத் தொடாது. டென்னிஸ் பந்துக்கென்று முதுகுப்பக்கம் ஆழமாகக் குடைந்து செய்யப்படும் மட்டையை லெதர் பந்துக்கு எடுத்துச் சென்றால், ஓரிரு வலைப்பயிற்சிகளிலேயே அது பிளந்துவிடும். அதேபோல், விலை உயர்ந்த மட்டையைக் கார்க் பந்துக்கு எதிரே நீட்டுவதும் வீண். அந்தப் பந்து கல்லைப் போல இறுகியது. மென்மையான மரத்தில் குழி விழுந்துவிடும். பந்து மாறினால் மட்டையும் மாற வேண்டும் என்பதை வீட்டில் இருப்பவர்களுக்குப் புரியவைப்பது சற்றுக் கடினம்தான்.

அளவு

உயரத்தை அளந்துகொண்டு போவது நல்லது. பெரியவர்களுக்கான வழக்கமான அளவை ஷார்ட் ஹேண்டில் என்கிறார்கள். மட்டையின் மீது ‘எஸ்.எச்.’ என்று அச்சிட்டிருக்கும். ஏறத்தாழ ஐந்தடி ஏழு அங்குலத்திலிருந்து ஆறடி இரண்டு அங்குலம் வரை உயரம் உள்ளவர்களுக்கு அது பொருந்தும். அதற்கு மேல் வளர்ந்தவர்களுக்கு லாங் ஹேண்டில் உண்டு. ஐந்தடி ஐந்து அங்குலம் போன்ற உயரத்தில் இருப்பவர்கள் ‘ஹாரோ’ என்ற அளவைக் கேட்டுப் பார்க்கத் தயங்கக் கூடாது. அது சிறுவர்களுக்கானது என்று கடைக்காரர் சிரித்தாலும், கையில் எடுத்து நின்று பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். ஆடும்போது நிற்பதைப் போல நின்று, மட்டையின் அடிமுனையைப் பின்காலின் விரல் அருகே வைத்துப் பாருங்கள். முதுகு கூனாமலும் கைகள் நெஞ்சை முட்டாமலும் நிற்க முடிந்தால் அளவு சரி.

விதிகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. மட்டையின் நீளம் 96.52 செ.மீ., அகலம் 10.8 செ.மீ. ஆகியவற்றைத் தாண்டக் கூடாது. 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதித்தொகுப்பு, விளிம்பின் தடிமனை 4 செ.மீ. என்றும் மொத்தக் கனத்தை 6.7 செ.மீ. என்றும் வரையறுத்தது. முகப்பு மரத்தால்தான் ஆகியிருக்க வேண்டும் என்பதும் விதி. 1979 டிசம்பரில் பெர்த் டெஸ்ட் ஆட்டத்தில் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையுடன் இறங்கி ஏற்படுத்திய கலாட்டாவுக்குப் பிறகு வந்த கட்டுப்பாடு அது. பெயர் பெற்ற நிறுவனங்களின் மட்டைகள் பொதுவாக இந்த அளவுகளுக்குள்தான் இருக்கும்.

எடையும் தூக்கலும்

இங்குதான் நேரம் செலவிட வேண்டும். மட்டையின் எடையை இன்றும் பவுண்டு, அவுன்ஸ் கணக்கில்தான் சொல்கிறார்கள். இரண்டு பவுண்டு எட்டு அவுன்ஸ் என்பது 1134 கிராம். பத்து அவுன்ஸ் என்றால் 1191 கிராம். பன்னிரண்டு அவுன்ஸ் என்றால் 1247 கிராம். வயது முப்பதைத் தாண்டி, வாரத்தில் ஒருநாள் மட்டும் ஆடும் ஒருவருக்கு முதல் மட்டை இரண்டு பவுண்டு ஏழு அவுன்ஸிலிருந்து ஒன்பது அவுன்ஸுக்குள் இருப்பதே போதுமானது என்பது என் கருத்து. சச்சின் டெண்டுல்கர் மூன்று பவுண்டைத் தாண்டிய மட்டையுடன் ஆடினார் என்ற செய்தியைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாம். அவருடைய மணிக்கட்டையும் சிறுவயது முதலான பயிற்சியையும் கணக்கில் எடுக்காமல் எடையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

நானும் அப்படித்தான் ஏமாந்தேன். முதல் மட்டை வாங்கப் போன அன்று, விளிம்பின் தடிமனைக் கண்டு மயங்கி, இரண்டு பவுண்டு பதினான்கு அவுன்ஸ் மட்டை ஒன்றை வாங்கி வந்துவிட்டேன். கடையில் இரண்டு முறை சுழற்றியபோது பீரங்கியைப் போல இருந்தது. மைதானத்தில் இருபதாவது பந்துக்குப் பிறகு அது உலக்கையாகிவிட்டது. இடுப்புயரத்தில் வரும் குறைவேகப் பந்தைக்கூட இழுத்து அடிக்க நேரம் போதவில்லை. மட்டை இறங்குவதற்குள் பந்து விக்கெட் கீப்பரின் கையுறையில் போய் விழுந்தது. இரண்டு மாதம் முழங்கை வலியோடு ஆடிவிட்டு, பாதி விலைக்கு அணித்தோழர் ஒருவரிடம் தள்ளிவிட்டேன். அவர் ஆறடிக்கு மேல் உயரம். இன்றும் அதே மட்டையால் எல்லைக் கோட்டைத் தாண்டி அடித்துக்கொண்டிருக்கிறார்.

எடையைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. வலக்கை ஆட்டக்காரர் இடக்கையால் மட்டும், இடக்கை ஆட்டக்காரர் வலக்கையால் மட்டும், கைப்பிடியின் மேல்பகுதியைப் பற்றி, மட்டையை நெஞ்சுக்கு நேராகக் கிடைமட்டத்தில் நீட்டிப் பிடிக்க வேண்டும். மனத்துக்குள் பதினைந்து எண்ணுவதற்குள் அடிமுனை கீழே சரிந்தாலோ மணிக்கட்டு நடுங்கினாலோ அந்த மட்டை உங்களுக்கானது அன்று. இந்தச் சோதனையைக் கையுறை அணிந்தே செய்வது நல்லது. ஆகவே, உங்கள் கையுறையைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். சென்னைப் பிற்பகலில் வியர்வையில் நனைந்த கையுறையோடு நாற்பது நிமிடம் பிடித்திருக்க வேண்டிய பொருள் இது என்பதும் நினைவிருக்கட்டும்.

தராசு காட்டும் எடையும் கை உணரும் எடையும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரே எடையுள்ள இரு மட்டைகளில் ஒன்று இறகைப் போலவும் மற்றொன்று கடப்பாரையைப் போலவும் தோன்றும். மரத்தின் கனம் எங்கே குவிந்திருக்கிறது என்பதே அதற்குக் காரணம். இதைத்தான் ஆட்டக்காரர்கள் ‘பிக்-அப்’ என்கிறார்கள். தூக்கல் என்றே சொல்லலாம். அடிமுனையை ஒட்டிக் கனம் இருந்தால் மட்டை கனப்பதாகத் தோன்றும். கைப்பிடியை நோக்கிக் கனம் ஏற ஏற இலகுவாகத் தோன்றும். முதுகுப்பக்கம் புடைத்திருக்கும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தால் இது விளங்கும். பந்து தாழ்வாக வரும் ஆடுகளத்தில் முன்காலில் ஆடுபவர்களுக்குப் புடைப்பு சற்றுக் கீழே இருப்பது உதவும். தென்னைநார்ப் பாய் விரித்த ஆடுகளத்தில் பந்து நன்கு எழும்பும் என்பதால் சற்று மேலே இருப்பது உதவும். இரண்டிலும் மாறி மாறி ஆட வேண்டியிருக்கும் புதியவருக்கு நடுவில் புடைத்த மட்டையே பாதுகாப்பான தேர்வு.

மேலும் ஒரு கணக்கு உண்டு. மட்டையில் ஒட்டியிருக்கும் எடைச்சீட்டு சில சமயம் ரப்பர் கிரிப் இல்லாத எடையாக இருக்கும். கிரிப் மட்டுமே ஐம்பது கிராம் அளவுக்கு வரும். முகப்பில் ஒட்டும் பாதுகாப்புத் தாளும் அடிமுனைக் காப்பும் இன்னும் சில கிராம்களைக் கூட்டும். எல்லாவற்றையும் சேர்த்துத் தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

மரம்

ஆங்கில வில்லோ, காஷ்மீர் வில்லோ என்ற இரண்டு பெயர்களைக் கடையில் கேட்பீர்கள். முன்னது இங்கிலாந்தில், குறிப்பாக எசெக்ஸ், சஃபோக் வட்டாரங்களில் வளர்க்கப்பட்டு, பதினைந்து முதல் இருபது ஆண்டுகளில் வெட்டப்பட்டு, துண்டங்களாக மீரட், ஜலந்தர் பட்டறைகளுக்கு வந்து சேர்ந்து மட்டையாகிறது. பின்னது காஷ்மீரிலேயே வளர்வது; அனந்தநாக் மாவட்டத்தில் நெடுஞ்சாலையோரம் வில்லோத் துண்டங்களைக் காற்றாடக் கட்டம் கட்டமாக அடுக்கி உலர்த்தியிருப்பதைச் சுற்றுலா சென்றவர்கள் பார்த்திருக்கலாம். ஆங்கில வில்லோ மென்மையும் லேசும் கொண்டது. பந்தை எளிதில் துள்ளவிடும். காஷ்மீர் வில்லோ அடர்த்தியும் கனமும் கொண்டது; துள்ளல் குறைவு, விலையும் பல மடங்கு குறைவு. மூன்றாவதாக, ‘பாப்புலர் வில்லோ’ என்று ஒன்றை மலிவு விலையில் நீட்டுவார்கள். அது வில்லோவே இல்லை. பாப்ளர் என்ற வேறொரு மரத்தின் பெயர்தான் பேச்சில் திரிந்து பாப்புலர் ஆகியிருக்கிறது. குழந்தைகளின் டென்னிஸ் பந்து ஆட்டத்துக்கு அது போதும்; லெதர் பந்துக்கு வேண்டாம்.

இந்தப் பருவம் முழுதும் ஆடுவேனா என்று உங்களுக்கே உறுதியில்லை என்றால், நல்ல காஷ்மீர் வில்லோ மட்டை ஒன்றை வாங்கி ஆறு மாதம் ஆடிப் பாருங்கள். உறுதி இருந்தால், ஆங்கில வில்லோவில் நடுத்தர வகையை வாங்கலாம். முதல்தர மட்டைக்கு ஆகும் கூடுதல் தொகையில் பெரும்பகுதி அழகுக்கே செல்கிறது. முகப்பில் நெடுக்காக ஓடும் கோடுகளைக் கிரெயின்ஸ் என்பார்கள். ஒவ்வொரு கோடும் மரத்தின் ஓராண்டு வளர்ச்சி. ஆறு முதல் பன்னிரண்டு கோடுகள் இருப்பது வழக்கம். கோடுகள் நெருங்கியிருந்தால் மட்டை விரைவில் பதத்துக்கு வரும், ஆனால் சற்று விரைவில் தேயும். விலகியிருந்தால் பதம் வரத் தாமதமாகும், நீடித்து உழைக்கும் என்பது பட்டறைக்காரர்களின் பொதுவான கணிப்பு. கோடுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மட்டையை மதிப்பிடுவது, புடவையின் தரத்தைக் கரையின் அகலத்தைக் கொண்டு மட்டும் சொல்வது போன்றது.

நம் ஊர்த் தச்சர்களிடம் பழகியவர்களுக்கு இங்கே ஒரு வியப்பு காத்திருக்கிறது. கதவுக்கும் கட்டிலுக்கும் மரம் வாங்கும்போது ‘வைரம் பாய்ந்த மரமா’ என்று கேட்பது நமது வழக்கம். மட்டைக்கு அது நேர்மாறு. நடுமரத்தின் இறுகிய வைரத்தை விட, அதைச் சுற்றியிருக்கும் வெண்ணிற வெளிமரமே பந்தைத் துள்ளச் செய்கிறது. சில மட்டைகளின் ஒரு விளிம்போரம் செம்பழுப்புப் பட்டை தெரியும். அது வைரப் பகுதி. அதனால் தரம் ஒரு படி இறக்கப்பட்டு விலையும் குறைகிறது. ஆட்டத்தில் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. எனவே அப்படிப்பட்ட மட்டை லேசாகவும் துள்ளலோடும் இருந்தால், தயங்காமல் வாங்குங்கள். மாறாக, மிகையாக வெளுத்துப் பளபளக்கும் மட்டையைக் கண்டால் சற்று நிதானியுங்கள். கறைகளை மறைக்க மரத்தை வெளுக்க வைப்பதும் இத்தொழிலில் உண்டு.

கடையில்

நேரு விளையாட்டரங்கை ஒட்டிய பெரியமேட்டிலும், சேப்பாக்கம் பக்கம் வாலாஜா சாலையிலும் விளையாட்டுப் பொருள் கடைகள் இருக்கின்றன. இணையத்தில் விலை குறைவாக இருக்கலாம். ஆனால், தூக்கலை இணையத்தில் பார்க்க முடியாது. கூட்டமில்லாத வாரநாளின் முற்பகலில் செல்வது நல்லது. விலை வரம்பை முதலிலேயே சொல்லிவிட்டு, அந்த வரம்புக்குள் இருக்கும் பத்து மட்டைகளையாவது எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எடைச் சோதனையில் ஐந்தாறு கழிந்துவிடும். எஞ்சியவற்றைக் கொண்டு நேரடி அடி, வெட்டு, இழுப்பு ஆகியவற்றைக் காற்றில் ஆடிப் பாருங்கள், மூன்று மிஞ்சும்.

அந்த மூன்றையும் பிளாஸ்டிக் உறையிலிருந்து முழுமையாக வெளியே எடுக்க வேண்டும். தச்சர் பலகையின் கோணலைப் பார்ப்பது போல ஒரு கண்ணை மூடி, கைப்பிடியின் நுனியிலிருந்து அடிமுனை வரை பார்வையை ஓட்டுங்கள். கைப்பிடியும் முகப்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கைப்பிடி மரத்துக்குள் இறங்கும் இடம் ஆப்பு வடிவில் இருக்கும். அங்கே பசை விட்டுப்போன இடைவெளி, நகம் நுழையும் விரிசல் எதுவும் இருக்கக் கூடாது. அடிமுனையைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழைக் கீறல்கள் பெரும்பாலும் அங்குதான் ஒளிந்திருக்கும். முகப்பின் ஓரத்தில் சிறு கரும்புள்ளியோ மங்கிய வரியோ இருப்பது குறையன்று. பந்து படும் நடுப்பகுதியில் முடிச்சு இருந்தால்தான் தவிர்க்க வேண்டும்.

இறுதியாக ஒலி. கடையில் மரச்சுத்தியலோ பழைய பந்தோ வைத்திருப்பார்கள். கைப்பிடியை இரு விரல்களால் தளர்வாகப் பிடித்துக்கொண்டு முகப்பின் நடுவில் தட்டினால், நல்ல மட்டையில் பந்து தானாகவே எகிறித் திரும்பும். ஒலி திறந்து, ஆழமாகக் கேட்கும். ‘இதுல ஸ்ட்ரோக் நல்லா இருக்கு சார்’ என்று கடைக்காரர் சொல்வது இந்தத் துள்ளலைத்தான். அவர் சொல்லுக்காக அன்றி, மூன்றையும் ஒரே உயரத்திலிருந்து ஒரே பந்தால் தட்டி, நீங்களே ஒப்பிட்டு முடிவெடுங்கள். புகழ்பெற்ற ஆட்டக்காரர்களின் மட்டையில் இருக்கும் ஸ்டிக்கர் பெரும்பாலும் விளம்பர ஒப்பந்தத்தின் அடையாளமே. உள்ளே இருக்கும் மரத்தைச் செதுக்கியவர் வேறொருவராக இருக்கலாம். வாங்கியதும் ரசீதில் எடை, மரத்தின் வகை, தேதி மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பிடி உடைந்தால் மாற்றித் தருவார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

பதப்படுத்துதல்

புதிய மட்டையை மறுநாளே ஆட்டத்துக்கு எடுத்துச் செல்வதே புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. முதலில் எண்ணெய். பச்சை ஆளிவிதை எண்ணெயைத்தான் பயன்படுத்த வேண்டும்; பெயின்ட் கடையில் கிடைக்கும் காய்ச்சிய வகை உதவாது. ஒரு தேக்கரண்டி அளவை மெல்லிய துணியில் தொட்டு, முகப்பு, விளிம்புகள், அடிமுனை ஆகியவற்றில் பூசி, மட்டையைக் கிடைமட்டமாகப் படுக்க வைத்து ஒரு நாள் விட வேண்டும். கைப்பிடி இறங்கும் ஆப்புப் பகுதியில் எண்ணெய் படக் கூடாது, பசை தளர்ந்துவிடும். இரண்டு முறை பூசினால் போதும். அதிக எண்ணெய் மரத்தைக் கனமாக்கி உயிரற்றதாக்கும். முகப்பில் ஏற்கெனவே பாதுகாப்புத் தாள் ஒட்டியிருந்தால், திறந்திருக்கும் பகுதிகளுக்கு மட்டும் பூசுங்கள்.

அதன்பின் ‘நாக்கிங்’. மரச்சுத்தியலாலோ, காலுறைக்குள் போட்டு முடிந்த பழைய பந்தாலோ முகப்பை மெல்லத் தட்டத் தொடங்கி, நாளுக்கு நாள் வலுவைக் கூட்ட வேண்டும். விளிம்புகளை நேராக அடிக்காமல், சாய்வாகத் தட்டி உருட்டிவிட வேண்டும். அடிமுனையின் அடிப்புறத்தையும் முதுகையும் தொடவே கூடாது. மொத்தம் ஐந்து, ஆறு மணி நேரம் தேவைப்படும். நாளுக்கு இருபது நிமிடம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். மேற்கு மாம்பலத்தில் நாங்கள் குடியிருந்த அடுக்ககத்தின் மொட்டை மாடியில் நான் இதைச் செய்துகொண்டிருந்த ஐந்தாம் நாள், கீழ்வீட்டு மாமி படியேறி வந்து, “என்னப்பா, தினமும் சாயங்காலம் ஒரே சுத்தியல் சத்தம், அலமாரி ஏதாவது பண்றியா?” என்று கேட்டார். மட்டையைக் காட்டினேன். வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இவ்வளவு காசு கொடுத்து வாங்கினதை ஏன் இப்படிப் போட்டு அடிக்கறே?” என்றார்.

அவருக்குச் சொன்ன விடை இதுதான்: தட்டத் தட்ட முகப்பின் நார்கள் ஒன்றோடொன்று இறுகிப் பந்தின் அடியைத் தாங்கப் பழகுகின்றன, தட்டாவிட்டால் முதல் யார்க்கரிலேயே அடிமுனை பிளக்கும். ‘உடனே ஆடலாம்’ என்று ஒட்டி வரும் மட்டைகளுக்கும் இரண்டு மணி நேரமாவது தட்டுவது நல்லது. பதம் வந்துவிட்டதா என்பதை அறிய, பழைய லெதர் பந்தை நண்பர் ஒருவர் மெதுவாகப் போட, நேராகத் தடுத்து ஆடிப் பாருங்கள். முகப்பில் தையலின் தடம் ஆழமாகப் பதிந்தால் இன்னும் சில நாள் தட்ட வேண்டும். லேசான சிவப்புக் கறை மட்டும் தெரிந்தால் வலைப்பயிற்சிக்குச் செல்லலாம். புதுப் பந்தை எதிர்கொள்வது அதற்கும் பிறகுதான்.

வெயிலும் மழையும்

கத்திரி வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் மட்டையை விட்டுவைத்தால் மரம் காய்ந்து நார் விடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சிக்கல் வேறு விதமானது. ஈரப் புல்லில் மட்டையை ஊன்றி நிற்கும்போது அடிமுனை நீரை உறிஞ்சி உப்பிவிடும். என்னுடைய இரண்டாவது மட்டையின் அடிமுனை ஒரு நவம்பர் ஆட்டத்துக்குப் பிறகு ஊறிய பிஸ்கட்டைப் போல ஓரத்தில் விரிந்துகொண்டது. அதன்பின் ரப்பர் காப்பு ஒட்டாமல் எந்த மட்டையையும் நான் மைதானத்துக்குக் கொண்டு செல்வதில்லை. நனைந்துவிட்டால் உலர்ந்த துணியால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் படுக்க வைத்து உலர்த்த வேண்டும். வெயிலிலோ அடுப்பருகிலோ வைக்கக் கூடாது. மழைக்காலக் காற்றின் ஈரத்தில் மரம் சற்று எடை கூடுவதும் இயல்பு.

விளிம்பில் சிறு கீறல்கள் விழுவதும் இயல்பே. மேலோட்டமானவை என்றால் மரப்பசை வைத்து அழுத்தி, உலர்ந்ததும் ஃபைபர் டேப் சுற்றினால் போதும். கீறல் முகப்பின் குறுக்கே ஓடத் தொடங்கினாலோ, கைப்பிடியை முறுக்கும்போது கிறீச்சென்று ஒலி வந்தாலோ, ஆடுவதை நிறுத்திவிட்டு, பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். பருவம் முடிந்ததும் பழைய டேப்பை உரித்து, மணல்தாளால் லேசாகத் தேய்த்து, ஒரே ஒருமுறை எண்ணெய் தொட்டுப் பூசி, துணி உறையில் போட்டுக் குளியலறைச் சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள்.